கட்டை நேரம்

லாஸ்பேட்டையில் என் வேலை
இரண்டு மஞ்சள் கட்டைகள்.
முன்சக்கரத்திலிருந்து உருவி எடுத்தால்
விமானம் புறப்பட்டதாகக் கணக்கு.
அது அசையாமல் நின்றாலும்
பைலட் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாலும்
கட்டை என் கைக்கு வந்த நிமிடத்தில்
பயணம் தொடங்கிவிட்டது.

அந்தப் பக்கம் கமலாபுரத்தில்
வேறொரு கை கட்டையைச் சொருகும்வரை
அது முடியாது.

சேலம் விமானம் ஏழே மாதம் ஓடியது.
வரைபடத்தில் அடிக்கோல் வைத்தால்
நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், கொஞ்சம் கூட.
டிக்கெட்டில் ஐம்பத்தைந்து நிமிடம்.

பாகூர் அரியபுத்திரி
மகள் பிரசவத்துக்குப் போனவர்
படிக்கட்டில் ஒரு கால் வைத்தபடி கணக்குப் போட்டார்:
பாகூரிலிருந்து இங்கே ஒன்றேகால் மணி,
பெட்டியைத் திறந்து முறுக்கு மாவைச் சந்தேகப்பட
ஒன்றரை மணி,
அங்கே இறங்கி டவுனுக்கு முக்கால்.
"பஸ்ஸே அஞ்சு மணிதான் தம்பி.
மேலே போறதுல என்னா மிச்சம்?"
பிறகு அவரே சொன்னார்:
"மேலே போறதுதான் மிச்சம்."

ஒரு பயணத்துக்கு நான்கு நேரம் எழுத வேண்டும்.
கட்டை எடுத்தது, சக்கரம் எழும்பியது,
சக்கரம் தொட்டது, கட்டை வைத்தது.
முதல் இரண்டும் என் கையெழுத்து.
பின் இரண்டும் போனில் வரும்
கோகிலவாணியின் குரல்:
"ஒன்பது ஐம்பது. ஒன்பது ஐம்பத்தஞ்சு. வச்சாச்சு."

ஒன்பது பதினேழுக்கு எழும்பியது
ஒன்பது ஐம்பதுக்குத் தொட்டால்
முப்பத்து மூன்று நிமிடம்.
பைலட் முப்பத்தைந்து என்றார்.
திரும்பி வரும்போது
முப்பத்தேழு ஆனது.
போகையில் தொலைந்த இரண்டு நிமிடம்
வருகையில் கூடி வந்து இறங்குகிறது, தினமும்,
யாருடைய பெட்டியிலும் இல்லாமல்.

நான் காற்று என்றேன்.
கடலிலிருந்து தள்ளுகிறது, போகும்போது வேகம்.
அவள் சிரிக்கவில்லை.
"காலையில எங்க கடல்காத்து?
உங்க வாட்ச் ரெண்டு நிமிஷம் முன்னால ஓடுது."
"உங்களுது பின்னால ஓடுது."
அவ்வளவுதான் பேசியிருக்கிறோம்,
ஏழு மாதமும், வாரம் நான்கு நாள்,
மழை நாட்களில்
கொஞ்சம் கூடுதலாக.

ஒருமுறை கல்வராயன் மலைமேல் மேகம்.
எழும்பி நாற்பது நிமிடமாகியும் போன் வரவில்லை.
நாற்பத்தாறு.
கட்டையைக் கீழே வைக்காமலே நின்றிருந்தேன்.
அறுபத்தொன்றில் வந்தது குரல்:
"சுத்திட்டு இருந்துச்சு. வச்சாச்சு."
பிறகு, படிவத்தில் இடமில்லாத ஒன்று:
"சாப்பிட்டீங்களா?"

கடைசி விமானத்தில் ஆறு பேர்.
நிறுத்துகிறார்கள் என்பதை
வாசலில் நின்ற டாக்சிக்காரர்தான் சொன்னார்.
அன்றும் நான்கு நேரம் எழுதினேன்.
அன்றும் முப்பத்து மூன்று.

ஹைதராபாத் விமானத்துக்குக் கட்டை போட
அங்கே யார் என்று எனக்குத் தெரியாது.
அவர்கள் நேரம் கம்ப்யூட்டரில் வருகிறது,
சரியாக.

வார விடுப்பு வந்த செவ்வாய்க்கிழமை
பேருந்து நிலையத்தில் சேலம் வண்டி.
உளுந்தூர்பேட்டையில் தூங்கி
சின்னசேலத்தில் விழித்தேன்.
ஆத்தூர் தாண்டி ஒரு லாரியின் பின்னால்
நாற்பது நிமிடம் நின்றோம்.
ஒரு முழு விமானம் போய்ச் சேர்ந்திருக்கும்.
பக்கத்தில் இருந்தவர்
வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தார், உப்போடு.

ஊர் மாறி, டவுன் பஸ் மாறி,
கமலாபுரம் பிரிவில் இறங்கி
சுவரோரம் நின்று
அந்தப் பழைய எண்ணுக்கு அடித்தேன்.
"கட்டை வச்சாச்சு," என்றேன்,
"மூணு நாற்பத்து நாலு."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டைத் தாண்டி
யாரோ செருப்பு மாட்டும் சத்தம்போல் ஒன்று.

"மூணு நாற்பத்து ரெண்டு," என்றாள்.
"இன்னும் மாத்தலையா அதை?"